கொடைக்கானல் ஏரியும் லெவிஞ்ச் துரையும்

நம் பக்கத்தில் அணை என்று பேச்செடுத்தாலே பென்னிகுக் பெயர்தான் முதலில் வரும். கம்பம், தேனிப் பக்கம் போனால் சாமி படத்தோடு அவர் படத்தையும் மாட்டி வைத்திருப்பார்கள். அவர் முல்லைப் பெரியாறு அணையை முடித்தது 1895-ல். அதற்கு முப்பத்திரண்டு வருஷம் முன்னாலேயே பழனி மலை மேல் ஒரு கலெக்டர் கரை போட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டார். கொடைக்கானல் ஏரியில் படகு ஓட்டி, சோளக்கதிர் வாங்கித் தின்று திரும்புகிறவர்களில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் சிவில் மாணவர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

வெரே ஹென்றி லெவிஞ்ச் 1819-ல் பிறந்தவர். அயர்லாந்தில் வெஸ்ட்மீத் பகுதியில் பரம்பரைப் பட்டம் உள்ள குடும்பம். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் சேர்ந்து, 1860-லிருந்து 1867 வரை மதுரைக் கலெக்டராக இருந்தார். அன்றைய மதுரை ஜில்லா என்றால் சின்னது இல்லைங்க. இன்றைய திண்டுக்கல், தேனி எல்லாம் அதற்குள்தான் அடக்கம். பழனி மலையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

அந்த மலை அவர் வரும்வரை சும்மா கிடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்கள் இருந்தார்கள், புலையர்கள் இருந்தார்கள். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கூக்கால், வில்பட்டி என்று ஊர்கள் கட்டி, சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிர் செய்த குன்னுவர்களும் இருந்தார்கள். பூண்டு விளைத்து, மாட்டின் மேல் பொதி ஏற்றிச் சமவெளிக்கு இறக்கினார்கள். 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி வந்து மலையை அளந்தார். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் காய்ச்சலுக்குப் பயந்து மேலே வந்து இரண்டு வீடு கட்டினார்கள். அதன்பின் ஒவ்வொரு துரையாக வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்களுக்குக் குளிர் காய விறகு வேண்டும். பள்ளத்தாக்கில் இருந்த சோலைக் காட்டை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளர்வது, வெட்டின வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது. பார்ட்ரிட்ஜ் என்ற மேஜர் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரத்தை இங்கே கொண்டுவந்தது அந்தக் காலத்தில்தான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது ஏரிக்கு வருவோம். இன்று ஏரி இருக்கும் இடம் அன்று சதுப்பு நிலம். மூன்று ஓடைகள் வந்து சேர்ந்து, புல்லும் சேறுமாகத் தேங்கி, ஒரு குறுகலான வாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன. அந்த வாயை அடைத்தால் போதும் என்று கண்டுபிடித்ததுதான் லெவிஞ்சின் சாமர்த்தியம். 1863-ல் அங்கே கரை போட்டார், அதுவும் தன் சொந்தப் பணத்தைப் போட்டு. ஏரி நட்சத்திரம் மாதிரி இருக்கிறது என்று கைடுகள் சொல்லுவார்கள். யாரும் அப்படி வரைந்து வெட்டவில்லை. கரைக்குப் பின்னால் தண்ணீர் ஏற ஏற, ஓடைகள் வந்த சின்னச் சின்னப் பள்ளங்களுக்குள் எல்லாம் புகுந்து விரல் விரலாக நின்றுவிட்டது. நாம் சர்வேயில் காண்டூர் கோடு போடுகிறோமே, அந்தக் கோடுதான் ஏரியின் ஓரம்! சுமார் அறுபது ஏக்கர் தண்ணீர், சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது. குறைந்த நீளக் கரையில் நிறையத் தண்ணீரை நிறுத்துவது எப்படி என்று பாடத்தில் படிக்கிறோம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்போது மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, கூலிகள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏற வேண்டும். அந்தக் குதிரைப் பாதையைச் சீர்செய்ததிலும் ஊருக்குள் பல ரோடுகள் போட்டதிலும் லெவிஞ்சுக்குப் பங்கு உண்டு. வத்தலக்குண்டு வழியாக வண்டி போகும் மலைப்பாதை திறந்தது 1914-ல்தான். துரைமார்களைத் தோளில் தூக்கி ஏற்றிய கூலிகளின் பெயர் ஒன்றுகூட எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை.

1867-ல் வேலையை விட்டதும் மற்ற துரைகள் மாதிரி கப்பல் ஏறாமல், கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் இதுதான். தான் மாற்றிய இடத்திலேயே குடியிருந்தார். ஐரோப்பியப் பழ மரம், காய்கறி, பூச்செடி என்று வரவழைத்து, எது இந்த மண்ணில் நிற்கும், எது நிற்காது என்று வைத்து வைத்துப் பார்த்தார். பேரிக்காய், பிளம்ஸ், உருளை, கேரட் எல்லாம் இன்று மலை விவசாயிகளுக்குச் சோறு போடுகின்றன. எல்லாவற்றையும் அவர் ஒருவரே கொண்டுவந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் மலையில் இதெல்லாம் வரும் என்று பயிர் வைத்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

1884-ல் அண்ணன் இறந்ததால் குடும்பப் பட்டம் அவருக்கு வந்து சர் வெரே லெவிஞ்ச் ஆனார். அடுத்த வருஷமே, 1885-ல், காலமானார். நண்பர்கள் அவர் நினைவாகக் கொடைக்கானலில் ஒரு கற்சிலுவையை நிறுத்தினார்கள்.

வரலாறு இத்தோடு முடிந்திருந்தால் நானும் புகழ்ந்துவிட்டு நிறுத்தியிருப்பேன். எங்கள் ஊர் இந்த மலைக்கு அடியில்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற வார்த்தை தெரியாது. ஆனால் மேலே புல் இருந்தால் கீழே கிணத்துல தண்ணி இருக்கும்னு தெரியும். மலை உச்சியில் உள்ள புல்வெளியும், பள்ளத்தில் உள்ள சோலையும், நடுவில் உள்ள சதுப்பும் சேர்ந்துதான் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. பழனி, பெரியகுளம், வத்தலக்குண்டுப் பக்கத்து வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

லெவிஞ்ச் காலத்து ஆட்கள் கண்ணுக்குப் புல்வெளி என்பது வெற்று நிலம், சதுப்பு என்பது வீணான சேறு. அந்தப் பார்வை அவரோடு போகவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் புல்வெளியைத் தரிசு என்றே எண்ணி, தோல் பதனிடும் சாயப்பட்டைக்காக வாட்டில் மரமும், கூழுக்காக யூகலிப்டசும், கூடவே பைனும் மலை மலையாக நட்டார்கள். பார்ட்ரிட்ஜ் விறகுக்காக வைத்த மரம் இப்போது திட்டமாகவே வந்துவிட்டது! வாட்டில் விதை தானாகவே பரவிப் புல்லை மூடிவிடும். 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் எழுதினார்கள். மரத்தோட்டம் மட்டுமல்ல, விவசாயமும் அதற்குக் காரணம் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உருளைக்கும் கேரட்டுக்கும் நிலம் வேண்டுமே!

இதற்கெல்லாம் லெவிஞ்சைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா? என் அபிப்பிராயம், இல்லை. அவர் ஒரு சதுப்பைத்தான் மூழ்கடித்தார், அதன் பக்கத்திலேயே பதினெட்டு வருஷம் வாழ்ந்தார். பின்னால் வந்த திட்டங்களைத் தீட்டியவர்கள் எங்கோ ஆபீஸில் உட்கார்ந்து ஏக்கர் கணக்குப் பார்த்தவர்கள். ஆனால் ஒன்று, பூம்பாறைக்காரர்களிடம் போய், இந்தப் புல்லு எதுக்குய்யா என்று கேட்டிருந்தால் இரண்டு பேருக்குமே பதில் கிடைத்திருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது கொடைக்கானல் மலைப்பூண்டு. அது எந்தத் துரையும் கொண்டுவந்த பயிர் இல்லை.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வாட்டிலை வெட்டி எடுக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இன்னொரு சாரார், பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன, மொத்தமாக வெட்டினால் அதுவும் போய்விடும் என்கிறார்கள். கன்றுகள் முளைத்திருப்பது உண்மை. அதே நேரத்தில், நிழல் விழுந்த இடத்தில் புல் திரும்பாது என்பதும் உண்மை. எந்தச் சரிவில் வெட்டுவது, எதில் விடுவது என்று சரிவு சரிவாக நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.