ழான் பியாஜே

ழான் பியாஜே (ஆகஸ்டு 9, 1896 – செப்டம்பர் 16, 1980) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த உளவியலாளர் ஆவார். குழந்தைகளின் சிந்தனை படிப்படியாக வளரும் முறையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். முப்பரிமாண வடிவங்களை மாணவர்கள் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டுள்ளனர் என்பதை அறியக் கையாளப்படும் சோதனைகள் சிலவற்றின் தொடக்கத்தை இவரது ஆய்வுகளில் காணலாம்.

இளமைக் காலம்

பியாஜே நியூசாடெல் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஆர்தர் பியாஜே இடைக்கால இலக்கியப் பேராசிரியர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, 1907 இல், வெண்ணிறச் சிட்டுக்குருவி ஒன்றைப் பற்றிய சிறு குறிப்பை வெளியிட்டார். பின்னர் நத்தை முதலிய மெல்லுடலிகளை ஆராய்ந்து, 1918 இல் நியூசாடெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

தவறான விடைகள்

1919 இல் பாரிசு சென்ற பியாஜே, அறிவுத்திறன் சோதனைகளை உருவாக்கியவர்களுள் ஒருவரான தியோடோர் சிமோனின் கீழ் பணிபுரிந்தார். சோதனை வினாக்களைப் பாரிசுக் குழந்தைகளுக்கு ஏற்ப முறைப்படுத்துவது இவரது வேலை. சரியான விடைகளை எண்ணுவதைவிட, ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே வகையான தவறுகளைச் செய்வது இவரது கவனத்தை ஈர்த்தது. தவறான விடைக்குப் பின்னாலும் ஓர் ஒழுங்கான சிந்தனை இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். குழந்தையுடன் உரையாடி, விடைக்கான காரணத்தை வெளிக்கொணரும் நேர்காணல் முறை இதிலிருந்து உருவானது.

1921 இல் எட்வார்ட் கிளாபரேடின் அழைப்பை ஏற்று ஜெனீவாவின் ரூசோ கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1923 இல் வாலன்டைன் சாட்டனே என்பவரை மணந்தார். தம் மூன்று குழந்தைகளின் வளர்ச்சியையும் இருவரும் உன்னிப்பாகக் குறித்து வந்தனர்.

முப்பரிமாண வடிவங்கள் பற்றிய ஆய்வு

பார்பல் இன்ஹெல்டருடன் இணைந்து இவர் எழுதிய, குழந்தைகளின் இடவெளிக் கருத்து பற்றிய நூல் 1948 இல் வெளிவந்தது. இதில் மூன்று மலைச் சோதனை புகழ்பெற்றது. ஒரு மீட்டர் சதுரப் பலகையில் மூன்று மலைகளின் மாதிரிகள் வைக்கப்பட்டன. மறுபக்கத்தில் உள்ள பொம்மைக்கு அம்மலைகள் எவ்வாறு தோன்றும் என்பதைக் குழந்தை படங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இளங்குழந்தைகள் பெரும்பாலும் தமக்குத் தெரியும் காட்சியையே காட்டினர். ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதுக்குப் பின்னரே பிறர் நோக்கு முழுமையாகப் பிடிபடுவதாகப் பியாஜே கருதினார்.

நடுநிலைப் பள்ளிக் கணிதத்துக்கு நெருக்கமான சோதனைகளும் அந்நூலில் உள்ளன. களிமண்ணால் செய்த திண்மப் பொருளைக் கத்தியால் வெட்டினால் வெட்டுமுகம் என்ன வடிவில் அமையும் என்பதை முன்கூட்டியே கூறுதல் ஒன்று. உருளை, கூம்பு, கனசதுரம், நான்முகி ஆகியவற்றின் தாள் மாதிரிகளைப் பிரித்து விரித்தால் கிடைக்கும் தட்டை வடிவத்தை வரைதல் மற்றொன்று. பள்ளியில் தாளை மடித்தும் விரித்தும் பழகிய குழந்தைகள், அப்பழக்கம் இல்லாதவர்களைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னேறியிருந்ததைப் பியாஜே கண்டார். திண்மப் பொருளைப் பார்ப்பது மட்டும் போதாது, கையால் செய்து பழகிய செயலே மனத்தில் உருவமாகிறது என்பது இவரது விளக்கம்.

திறனாய்வுகள்

பியாஜே குறிப்பிட்ட வயது எல்லைகள் பின்னாளில் கேள்விக்கு உள்ளாயின. மார்ட்டின் ஹியூசு, குறுக்கிடும் இரு சுவர்களுக்கிடையே காவலர் பொம்மைகளின் கண்ணில் படாமல் ஒரு சிறுவன் பொம்மையை ஒளித்து வைக்கும்படி குழந்தைகளிடம் கூறினார். மூன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களின் விடைகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாக இருந்தன. 1978 இல் மார்கரெட் டொனால்ட்சன் தம் நூலில் இதை விளக்கினார். இதனால் ஒரு மாணவர் தவறும்போது, அவருக்குப் புரியவில்லையா, அல்லது வினா அவருக்குப் பொருள்படவில்லையா எனப் பிரித்தறிய வேண்டிய தேவை உணரப்பட்டது.

இறுதிக் காலம்

1929 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பியாஜே பன்னாட்டுக் கல்விப் பணியகத்தின் இயக்குநராக இருந்தார். 1955 இல் ஜெனீவாவில் அறிவுத் தோற்றவியல் பன்னாட்டு மையத்தை நிறுவினார். 1972 இல் எராசுமசு பரிசும், 1979 இல் பால்சான் பரிசும் பெற்றார். 1980 இல் ஜெனீவாவில் காலமானார். இவர் வகுத்த வயது எல்லைகள் திருத்தப்பட்டபோதிலும், மாணவரின் தவறான விடையையும் சான்றாகக் கொண்டு ஆராயும் வழக்கம் கல்வி மதிப்பீட்டில் நிலைத்துள்ளது.