14 சீட்டில் 2: இட ஒதுக்கீட்டுக் கணக்கை மாற்றிய ஓமந்தூரார்

சென்னை அண்ணா சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஓமந்தூரார் மருத்துவமனை தெரியும். அதே வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. அங்கே சீட் வாங்கும் மாணவருக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது.

ஓ.பி.ராமசாமி ரெட்டியார், 1895-ல் திண்டிவனம் அருகே ஓமந்தூரில் பிறந்தவர். விவசாயி, காங்கிரஸ்காரர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதல்வருக்கு அப்போ அதுதான் பெயர். ஜமீன் ஒழிப்பு, தேவதாசி முறை ஒழிப்புச் சட்டங்கள் எல்லாம் அவர் ஆட்சியில் வந்தவை.

வகுப்புவாரி ஒதுக்கீடு அவருக்கு முன்பே இருந்தது. 1920-களின் கடைசியில் வந்த கணக்குப்படி 12 அரசு வேலையில் 5 பிராமணரல்லாத இந்துக்களுக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நிலமும் படிப்பும் உள்ள சாதிகளும், பள்ளிக்கூடமே பார்க்காத சாதிகளும் அந்த ஒரே கூடைக்குள். யார் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

1947 நவம்பரில் ஓமந்தூரார் அரசு கணக்கைத் திருத்தியது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 சீட்டிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்கள் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அந்தத் தனி 2-தான் புதுசு. 1950 வாக்கில் மாகாணத்தின் 4 மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து 330 சீட். வெளிமாநில, அரசு விருப்ப இடங்கள் போக மீதி 301. அதில் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 43.

சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. தாடி இல்லாத ராமசாமி என்று பெரியாரோடு சேர்த்துக் கிண்டல் செய்தார்களாம். கட்சிக்குள் மோதல் முற்றி 1949 ஏப்ரலில் பதவி போனது. அவர் வள்ளலாரின் வடலூர் பக்கம் திரும்பிவிட்டார்.

அரசாணையும் நிலைக்கவில்லை. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழகத்தில் போராட்டம் வெடிக்க, ஜூனில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 15(4) பிரிவு சேர்ந்தது. அதன் பிறகு சென்னை மாகாணத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு 25%, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 15%.

ஓமந்தூரார் 1970-ல் காலமானார். ஒரே கூடைக்குள் யார் அள்ளுகிறார்கள் என்ற பழைய கேள்வி திரும்ப எழுந்தபோது, 1989-ல் பிற்படுத்தப்பட்டோர் பங்கிலிருந்தே 20% மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.