அழுகுரல் கேட்டால் நின்றவர்!

குழந்தைகளே! தெருவில் ஒரு வண்டிக்காரர் தன் குதிரையைச் சாட்டையால் விளாசிக் கொண்டிருக்கிறார். நீங்கள் அந்த வழியாகப் போகிறீர்கள். என்ன செய்வீர்கள்? பெரும்பாலானோர் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். நமக்கேன் வம்பு என்ற எண்ணம்தான் காரணம்!

ஆனால் ஒருவர் அப்படிப் போகவில்லை. நின்றார். தடுத்தார். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் ஒரு சிறுமியின் உயிரைக் காப்பாற்றியது. அவர் பெயர் ஹென்றி பெர்க். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்து கொள்ளப் போகிறோம்.

கப்பல் கட்டுபவரின் மகன்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1813ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி பிறந்தார் ஹென்றி பெர்க். அப்பா கப்பல் கட்டும் தொழிலில் பெரும்பணம் சேர்த்தவர். அதனால் பெர்க்குக்குப் பணக் கவலையே இல்லை. கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். நாடகங்கள் எழுதினார்; அவற்றை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. ஐம்பது வயது வரை அவர் சொல்லிக் கொள்ளும்படி எதையும் சாதிக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

1863ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு பெர்க்கைச் செயலாளராக அனுப்பினார். அங்கே ஒருநாள் வண்டிக்காரர் ஒருவர் தன் குதிரையைக் கண்மூடித்தனமாக அடிப்பதைப் பார்த்தார் பெர்க். உடனே குறுக்கிட்டு நிறுத்தச் சொன்னார். தூதரக அதிகாரியே சொல்கிறாரே என்று வண்டிக்காரரும் சாட்டையைக் கீழே போட்டார்.

அன்று பெர்க்குக்கு ஒன்று புரிந்தது. வாயில்லா ஜீவன் தனக்காகப் பேச முடியாது. வாயுள்ள ஒருவர் அதற்காகப் பேசினால் போதும், அடி நிற்கும்!

கேலிக்கு அஞ்சாதவர்

ஊர் திரும்பிய பெர்க் சும்மா இருக்கவில்லை. 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, மிருகவதையைத் தடுக்கும் அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். ஒன்பதே நாட்களில் நியூயார்க் மாநிலத்தில் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

அந்தக் காலத்தில் மோட்டார் வாகனங்கள் கிடையாது. டிராம் வண்டிகளையும் குதிரைகள்தான் இழுத்தன. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய வண்டியைப் பார்த்தால் பெர்க் நடுத்தெருவில் நின்று மறிப்பார். பயணிகளை இறங்கச் சொல்வார். உயரமான உருவம், கையில் கைத்தடி, முகத்தில் நீண்ட மீசை. அவரைப் பார்த்தாலே வண்டிக்காரர்கள் சாட்டையை மறைப்பார்கள்.

பத்திரிகைகள் அவரைக் கேலி செய்து சித்திரங்கள் போட்டன. ஊரார் காரியத்தில் மூக்கை நுழைப்பவர் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். பெர்க் கவலைப்படவில்லை. 1867ஆம் ஆண்டு அடிபட்ட குதிரைகளுக்கு ஆம்புலன்ஸ் வண்டி விட்டார். நியூயார்க்கில் மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1869ஆம் ஆண்டில்தான்!

மூடிய கதவுக்குப் பின்னால்

இப்போது இன்னொருவரைப் பார்க்கலாம். மேரி எல்லன் என்று ஒரு சிறுமி. 1864ஆம் ஆண்டு பிறந்தவள். அப்பா, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்து போனார். அம்மாவுக்கு வேலைக்குப் போக வேண்டிய நிலை. அதனால் மாதாமாதம் பணம் கொடுத்து, குழந்தையை ஒரு பெண்மணியிடம் விட்டிருந்தார். பணம் வருவது நின்றது. அந்தப் பெண்மணி ஆதரவற்றோரைக் கவனிக்கும் நகர அலுவலகத்தில் குழந்தையை ஒப்படைத்துவிட்டார். பிறகு ஒரு தம்பதி அவளை வாங்கிச் சென்றார்கள். கணவர் சீக்கிரமே இறந்துவிட, மனைவி மறுமணம் செய்து கொண்டார்.

அந்த வளர்ப்புத் தாய் மேரி எல்லனை மிகவும் கொடுமைப்படுத்தினார். தினமும் அடி. பகலில் வெளியே போகக் கூடாது. விளையாடத் தோழிகள் கிடையாது. உறைய வைக்கும் குளிர்காலத்திலும் உடம்பில் ஒற்றை மெல்லிய ஆடைதான். ஒன்பது வயதாகியும் பார்ப்பதற்கு ஐந்து வயதுக் குழந்தை போல இருந்தாள்.

நகர அலுவலகம் குழந்தையைக் கொடுத்ததோடு சரி. எப்படி இருக்கிறாள் என்று அடிக்கடி போய்ப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களின் காதில் மட்டும் அவள் அழுகுரல் விழுந்து கொண்டே இருந்தது.

விடாமல் சொன்ன எட்டா வீலர்

ஏழைகளின் வீடுகளுக்குப் போய் உதவி செய்து வந்தவர் எட்டா வீலர் என்ற பெண்மணி. 1873ஆம் ஆண்டின் இறுதியில், அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் அந்தச் சிறுமியைப் பற்றி அவரிடம் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் நோயில் படுத்திருந்த ஒரு பெண்மணி, அழுகுரல் கேட்பது உண்மைதான் என்று சொன்னார்.

பக்கத்து வீட்டு நோயாளிக்கு உதவி கேட்பது போல, வீலர் அந்தக் கதவைத் தட்டினார். உள்ளே மேரி எல்லன் பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தாள். கையிலும் காலிலும் அடிபட்ட தழும்புகள். மேஜை மேல் தோல் வாரால் பின்னிய சாட்டை. வீலருக்கு மனம் பதறியது.

போலீசிடம் போனார். ஆதாரம் வேண்டும் என்றார்கள். குழந்தைகள் இல்லங்களுக்குப் போனார். சட்டப்படி அழைத்து வந்தால் சேர்த்துக் கொள்கிறோம் என்றார்கள். போன இடமெல்லாம் இரக்கப்பட்டார்கள். உதவ மட்டும் யாரும் முன்வரவில்லை. குழந்தையை அடிப்பது குற்றம் என்று அப்போதும் சட்டம் இருந்தது. ஆனால் மூடிய கதவைத் திறந்து குழந்தையைக் காப்பாற்ற வேண்டியது யார் பொறுப்பு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை!

மாதங்கள் ஓடின. வீலர் சோர்ந்து போயிருந்தபோது, அவருடைய உறவுப் பெண் ஒரு யோசனை சொன்னாள். மிருகங்களுக்காக அவ்வளவு பாடுபடும் ஹென்றி பெர்க்கிடம் போய்க் கேட்டால் என்ன?

நீதிமன்றத்தில் மேரி எல்லன்

வீலர் சொன்னதை பெர்க் பொறுமையாகக் கேட்டார். தெரிந்ததை எல்லாம் எழுதித் தரச் சொன்னார். அந்த வீட்டுக்கு ஒருவரை அனுப்பி உண்மையை விசாரித்தார். பிறகு கொஞ்சமும் தாமதிக்கவில்லை. எல்பிரிட்ஜ் கெர்ரி என்ற தன் வழக்கறிஞர் நண்பரிடம் வழக்கை ஒப்படைத்தார்.

1874ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி, மேரி எல்லனை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். அவளிடம் நல்ல உடை இல்லாததால் வண்டியில் இருந்த கம்பளியால் போர்த்தித் தூக்கி வந்தார்கள். முகத்தில் கத்தரிக்கோல் பட்ட காயம். அந்தச் சின்னஞ்சிறு பெண் நீதிபதியிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். யாராவது தனக்கு முத்தம் கொடுத்ததாக நினைவே இல்லை என்று அவள் சொன்னபோது, கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. குழந்தையும் ஒரு மிருகம்தான் என்று வாதாடித்தான் பெர்க் வென்றார் என்பார்கள். அது உண்மை இல்லை. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வுச் சட்டத்தைத்தான் கெர்ரி பயன்படுத்தினார். மேரி எல்லனை ஒரு குழந்தையாகத்தான் நீதிமன்றம் பார்த்தது.

இனி எந்தக் குழந்தைக்காகவும் யாரும் இப்படி வாசல் வாசலாக அலையக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பெர்க்கும் கெர்ரியும் நண்பர்களும் சேர்ந்து, குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் நியூயார்க் சங்கத்தை ஆரம்பித்தார்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்கென்றே தொடங்கிய உலகின் முதல் சங்கம் அது. அதைப் பார்த்து 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் இதே போன்ற சங்கம் பிறந்தது.

மண்ணில் நடக்கக் கற்றவள்

மேரி எல்லன் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? வீலர் அவளைக் கிராமத்தில் இருந்த தன் அம்மாவிடம் அனுப்பி வைத்தார். புல், மரம், வயல் எல்லாமே அவளுக்குப் புதுசு. வீட்டுத் தரையில் மட்டுமே நடந்து பழகியதால், மேடு பள்ளமான மண்ணில் நடப்பதைக் கூட அவள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. சில மாதங்களில் அந்த அம்மா இறந்துவிட, வீலரின் தங்கை அவளை அன்போடு வளர்த்தார்.

மேரி எல்லன் படித்தாள், வளர்ந்தாள், 1888ஆம் ஆண்டு திருமணம் செய்து கொண்டாள். இரண்டு மகள்கள் பிறந்தார்கள். மூத்த மகளுக்கு என்ன பெயர் வைத்தாள் தெரியுமா? எட்டா! மகள்கள் இருவரும் ஆசிரியைகள் ஆனார்கள். அம்மாவின் அன்பையே அறியாமல் வளர்ந்த அவள், தன் குழந்தைகளுக்கு அன்பான அம்மாவாக 92 வயது வரை வாழ்ந்து, 1956ஆம் ஆண்டு மறைந்தாள்.

பெர்க் 1888ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி காலமானார். அன்று நியூயார்க் நகரமே பெரும் பனிப்புயலில் சிக்கியிருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

குழந்தைகளே, மேரி எல்லனைக் காப்பாற்றியது பெர்க் மட்டும் அல்ல. அழுகுரலைக் கேட்டு வெளியே சொன்ன அக்கம்பக்கத்தார், விடாமல் அலைந்த வீலர், யோசனை சொன்ன உறவுப் பெண், வழக்காடிய கெர்ரி, பாசத்தோடு வளர்த்த குடும்பம் என்று பலர் கைகோத்தார்கள். இதில் ஒருவர் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கியிருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது.

எனவே சிலவற்றை நன்றாக மனதில் பதிய வைத்துக் கொள்ளுங்கள். யாராவது உங்களை அடித்துத் துன்புறுத்தினாலோ, உங்களுக்குப் பிடிக்காத விதத்தில் தொட்டாலோ, தப்பு உங்கள் மேல் இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவர்கள் மிரட்டினால், அதைத்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மா, அப்பா, பாட்டி, டீச்சர் என்று நீங்கள் நம்பும் பெரியவரிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். வீலர் எத்தனை கதவுகளைத் தட்டினார் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

உங்கள் தோழனோ தோழியோ இப்படி ஒரு கஷ்டத்தைச் சொன்னால் நம்புங்கள். கேலி செய்யாதீர்கள். வகுப்பு முழுவதும் பரப்பாதீர்கள். பெரியவர்களுடன் நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம்; நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அழைத்துப் போங்கள். நம் நாட்டில் குழந்தைகளுக்காகவே 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். காசு கிடையாது. உங்களுக்காக மட்டுமல்ல, துன்பப்படும் இன்னொரு குழந்தைக்காகவும் கூப்பிடலாம்.

அழுகுரல் கேட்டால் நிற்க வேண்டும். ஹென்றி பெர்க் நின்றார். நீங்களும் நிற்பீர்கள்தானே?