லண்டனில் கொடி ஏந்திய மருத்துவ மாணவர்: சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கேப்டன் தாலிமெரன் ஆவோ

புதுடெல்லி: 1951-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி. முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம் டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் நடைபெற்றது. ஈரானுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் சாஹு மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. அணியின் தலைவராக இருந்தவர் சைலேன் மன்னா. நடுக்களத்தில், மைசூர் மாநிலத்துக்கு ஆடிய டி. சண்முகம் போன்றோர் இடம்பெற்றிருந்தனர். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு இந்திய அணியை லண்டனுக்கு அழைத்துச் சென்ற நடுக்கள வீரர் மட்டும் அங்கு இல்லை. அவர் தாலிமெரன் ஆவோ. முந்தைய ஆண்டுதான் அவர் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார்.

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் டெல்லியில் பெற்ற அந்த வெற்றியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதற்கு வழியமைத்த அணியின் தலைவர், பொற்காலம் தொடங்கும் வேளையில் தேசிய அணியை விட்டு விலகியிருந்தார். காயமோ தேர்வுக் குழுவுடன் பிணக்கோ அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதில்லை. தந்தையின் விருப்பத்தை நிறைவேற்ற மருத்துவம் படிக்க வந்தவர் அவர். கால்பந்து அவருக்கு இரண்டாவது பணியாகவே இருந்தது.

சாங்கி முதல் கௌஹாத்தி வரை

அன்றைய அசாம் மாகாணத்தின் நாகா மலை மாவட்டத்தில், சாங்கி என்ற சிற்றூரில் 1918-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி தாலிமெரன் பிறந்தார். அந்த ஊர் இன்று நாகாலாந்தின் மோகோக்சுங் மாவட்டத்தில் உள்ளது. ஆவோ என்பது குடும்பப் பெயரன்று. நாகா பழங்குடிகளுள் ஒன்றான அவரது இனத்தின் பெயர். பன்னிரண்டு குழந்தைகள் கொண்ட பெரிய குடும்பம். தந்தை சுபோங்வாதி கிறிஸ்தவ மதபோதகர். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனின் மையமாக விளங்கிய இம்பூரில் அவர் பணியாற்றியதால் குடும்பமும் அங்கே குடியேறியது. கந்தல் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பந்தில்தான் சிறுவன் தாலிமெரன் உதைக்கப் பழகினான்.

இம்பூரில் தொடக்கக் கல்வியை முடித்தபின் ஜோர்ஹாட் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். 1935-ஆம் ஆண்டு தந்தை டைஃபாய்டு காய்ச்சலால் இறந்தபோது தாலிமெரனுக்கு வயது 17. மகன் மருத்துவனாகித் தம் மக்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மருத்துவர்களைக் காண்பதே அரிதாக இருந்த மலைநாட்டில், காய்ச்சலுக்குத் தந்தையைப் பறிகொடுத்த இளைஞனின் மனத்தில் அந்த ஆசை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் அறிவியல் பயின்றபோது தடகளம், வாலிபால், கால்பந்து என அனைத்திலும் அவர் முன்னணியில் நின்றார். நகரின் மகாராணா கிளப்புக்காக முன்கள வீரராகவும் ஆடினார். அங்கே அவருடன் ஆடிய சரத் தாஸ் பின்னர் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தார். அந்த நட்பே பிற்காலத்தில் ஆவோவுக்கும் அந்தக் கிளப்பின் கதவைத் திறந்தது.

கல்கத்தாவில் இரண்டு வாழ்க்கை

1942-ஆம் ஆண்டு கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1948-இல் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாற்றப்பட்ட நிறுவனம் அதுவே. அடுத்த ஆண்டு, 1943-இல், மோகன் பகான் அணியில் இணைந்தார். பகலில் வகுப்பறையும் மருத்துவமனை வார்டும், மாலையில் மைதானமும் எனத் தொடங்கிய அந்த இரட்டை வாழ்க்கை பட்டம் பெறும் வரை நீடித்தது.

அமைதியான காலமும் அன்று அது. 1943-இல் வங்கப் பஞ்சம். 1944-இல் ஜப்பானியப் படை நாகா மலைக்குள் புகுந்து கோஹிமா போர்க்களமாகச் சிதைந்தது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாத் தெருக்களில் மதக்கலவரம். சொந்த மலையும் பிழைக்க வந்த நகரமும் ஒரு சேரக் குலுங்கிய ஆண்டுகளில்தான் அவர் படித்தார், ஆடினார்.

அந்நாளில் பெரும்பாலான அணிகள் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று ஹாஃப்பேக்குகள், ஐந்து முன்கள வீரர்கள் என்ற அமைப்பில் களமிறங்கின. இதில் ஹாஃப்பேக் வரிசையின் பாடுதான் அதிகம். எதிரணியின் தாக்குதலை முதலில் மறிக்க வேண்டியவரும், பந்தைப் பறித்து முன்னே அனுப்ப வேண்டியவரும் அவரே. கௌஹாத்தியில் கோல் அடிக்கும் இடத்தில் நின்ற ஆவோ, மோகன் பகானில் இந்தக் கடினமான இடத்துக்கு மாறினார். உயரமும் உரமும் வாய்ந்த உடல், மலைப்பாதைகளில் ஏறி இறங்கி வலுப்பெற்ற கால்கள், பதற்றமில்லாத போக்கு ஆகியவை அவருக்குத் துணை நின்றன. கோல் அடிப்பவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். ஹாஃப்பேக்கின் உழைப்பைக் களத்தில் இருப்பவர்கள்தான் அறிவார்கள். சக வீரர்கள் அதை அறிந்திருந்தனர். 1948-இல் கிளப்பின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

மோகன் பகானுக்கு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வெறும் கோப்பையன்று. 1911-ஆம் ஆண்டு, வெறுங்காலில் ஆடிய அந்த அணி பிரிட்டிஷ் ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வீழ்த்தி ஷீல்டை வென்றது தேசிய எழுச்சியின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டது. அதன்பின் 36 ஆண்டுகள் அந்த ஷீல்டு கைக்கு எட்டவில்லை. நாடு விடுதலை பெற்ற 1947-இல்தான் மோகன் பகான் மீண்டும் அதை வென்றது. அடுத்த ஆண்டும் தக்கவைத்தது. இரு வெற்றிகளும் ஆவோ கிளப்பில் இருந்த காலத்தவை.

லண்டன், 1948

இரண்டாம் உலகப் போரால் 12 ஆண்டுகள் தடைப்பட்டிருந்த ஒலிம்பிக், 1948-இல் லண்டனில் மீண்டும் தொடங்கியது. சுதந்திர நாடாக இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக் அது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இடம்பெற்றதும் அதுவே முதன்முறை. பி.டி. சாட்டர்ஜி பயிற்சியளித்த அணிக்கு ஆவோ தலைவரானார். அத்துடன், ஜூலை 29-ஆம் தேதி வெம்பிளி மைதானத்தில் நடந்த தொடக்க விழா அணிவகுப்பில் மூவர்ணக் கொடியை ஏந்திச் செல்லும் பொறுப்பும் அவருக்கே அளிக்கப்பட்டது. 1932-இல் லால் ஷா போகாரி, 1936-இல் தியான் சந்த் என ஹாக்கி வீரர்கள் ஏந்தியவை பிரிட்டிஷ் இந்தியாவின் கொடிகள். சுதந்திர நாட்டின் கொடியை முதலில் ஏந்தியவர் கால்பந்து வீரரான ஒரு மருத்துவ மாணவர்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. 1947 ஆகஸ்ட் 14-ஆம் தேதி நாகா தேசிய கவுன்சில் நாகா மலைகளைத் தனி நாடாக அறிவித்திருந்தது. ஓராண்டு நிறைவதற்குள் அதே மலையின் மைந்தர் ஒருவர் இந்தியக் கொடியுடன் உலகின் முன் நடந்தார்.

ஜூலை 31-ஆம் தேதி, லண்டன் இல்ஃபோர்டில் உள்ள கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில் பிரான்சை இந்தியா எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. காலில் துணிப்பட்டை சுற்றி ஆடினர். 30-ஆவது நிமிடத்தில் ரெனே கூர்பன் பிரான்சுக்கு முதல் கோலை அடித்தார். 70-ஆவது நிமிடத்தில் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தது. சர்வதேசக் களத்தில் சுதந்திர இந்தியா அடித்த முதல் கோல் அது. அடித்தவர் தமிழ்ப் பெயர் தாங்கிய வீரர் என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைக்கலாம்.

வெற்றி கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன. ஒன்றை சைலேன் மன்னாவும் மற்றொன்றை மகாவீர் பிரசாத்தும் தவறவிட்டனர். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் ரெனே பெர்சியோன் அடித்த கோலால் பிரான்ஸ் 2-1 என வென்றது. ஒரே ஆட்டத்துடன் இந்தியாவின் ஒலிம்பிக் கால்பந்துப் பயணம் முடிந்தது.

ஆயினும் லண்டன் பார்வையாளர்கள் வெறுங்கால் வீரர்களுக்குக் கைதட்டி விடைகொடுத்தனர். பூட்ஸ் அணியாதது ஏன் என்று அங்கிருந்த செய்தியாளர்கள் கேட்டதற்கு, இந்தியர்கள் காலால் ஆடுகிறோம், மற்றவர்கள் பூட்ஸால் ஆடுகிறார்கள் என்ற பொருளில் ஆவோ நகைச்சுவையாகப் பதிலளித்ததாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற பிறகு இந்திய வீரர்களுக்கு பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது.

ஒலிம்பிக்கை அடுத்து நெதர்லாந்து சென்ற இந்திய அணி, ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்பை 5-1 என வென்றது. புகழ்பெற்ற ஆர்சனல் கிளப் தன் அணியில் சேருமாறு ஆவோவை அழைத்ததாகவும், படிப்பை முடிக்க வேண்டும் என்று கூறி அவர் மறுத்ததாகவும் அவரது வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அன்று இங்கிலாந்தில் தொழில்முறை வீரருக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. இன்றைய கோடிகளை வைத்து அந்த மறுப்பை எடைபோடக் கூடாது. ஆனாலும் 30 வயதில் ஒரு வீரருக்கு மறுமுறை வரக்கூடிய அழைப்பன்று அது. அவர் கல்கத்தாவுக்கே திரும்பினார்.

மீண்டும் மலைக்கு

1950-இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். மோகன் பகானில் ஒன்பது ஆண்டுகள் ஆடியபின் கல்கத்தா மைதானத்திடம் விடைபெற்று, அசாமின் திப்ருகரில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் உதவி அறுவைச் சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றினார். 1953-இல் கோஹிமா மருத்துவமனைக்குச் சென்றார்.

அவர் ஊர் திரும்பியபோது நாகா மலைகள் கொந்தளிப்பில் இருந்தன. கிளர்ச்சி ஆயுதப் போராட்டமாக மாறியது, ராணுவம் வந்தது, 1958-இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் கோஹிமாவில் அரசு மருத்துவராக இருப்பது, எளிதான வேலையாக இருந்திருக்க முடியாது. 1963 டிசம்பர் 1-ஆம் தேதி நாகாலாந்து தனி மாநிலமானது. ஆவோ அம்மாநில சுகாதாரத் துறையின் இயக்குநர் பதவி வரை உயர்ந்து, 1978-இல் ஓய்வு பெற்றார்.

அவர் விட்டுச்சென்ற அணியோ தொடர்ந்து உயர்ந்தது. டெல்லித் தங்கத்துக்குப் பின், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அதே பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை; இல்ஃபோர்டில் கைநழுவியதில் பாதியாவது அன்று மீண்டது. அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

தாலிமெரன் ஆவோ 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி தமது 80-ஆவது வயதில் காலமானார். மோகன் பகான் கிளப் தனது உயரிய விருதான மோகன் பகான் ரத்னாவை மறைவுக்குப் பின் அவருக்கு அளித்தது. 2009-இல் வடகிழக்கு மாநிலங்களுக்கான கால்பந்துப் போட்டி ஒன்று அவர் பெயரில் தொடங்கப்பட்டது. நூற்றாண்டான 2018-இல் அஞ்சல் துறை அவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. வடகிழக்கில் அவரது பெயரைச் சொல்லும்போது, கேப்டன் என்பதற்கு முன் டாக்டர் என்றே இன்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.