ஆமைகளின் தோழர் ஆர்ச்சி கார்

மாணவர்களே, அரியலூரில் கல்லாகிப்போன கடல் சிப்பிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் காலத்திலேயே உலகில் கடல் ஆமைகள் வாழ்ந்தன. அவை அழியாமல் காக்கப் பாடுபட்டவர் ஆர்ச்சி கார்.

1909இல் அமெரிக்காவில் பிறந்த இவர் விலங்கியல் பேராசிரியர். கோஸ்டாரிகா நாட்டின் டோர்ட்டுகேரோ என்ற கடலோரக் கிராமத்துக்குச் சென்றார். அங்கே முட்டையிட வரும் பச்சை ஆமைகளைப் புரட்டிப் போட்டு, இறைச்சிக்கு விற்றுவந்தனர். 1955 முதல் ஆமைகளின் துடுப்பில் எண் பொறித்த வில்லையைப் பொருத்தினார். வில்லையைத் திருப்பி அனுப்புவோருக்குப் பரிசும் தந்தார். ஆமைகள் வேறு நாட்டுக் கடல்களுக்குச் சென்று, முட்டையிட அதே கரைக்குத் திரும்புவது இதனால் தெரிந்தது.

1970களில் அப்பகுதி தேசியப் பூங்காவானது. 1987இல் கார் மறைந்தார். இன்றும் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அங்கே வருகிறார்கள். நம் சென்னைக் கடற்கரையிலும் மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். நாளை நீங்களும் சேரலாமே!