ஜாக் மோனோ

எளிதிற் கிட்டும் உணவிருக்க, வருந்திப் பெறும் உணவை முதலில் நாடுவார் எவருமிலர். கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களும் இவ்வியல்புடையனவே. அதனை ஆராய்ந்து புகழெய்திய பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜாக் மோனோ 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஓவியர், தாயார் அமெரிக்க நாட்டினர். இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் தளர்ந்தும் இவர் உள்ளம் தளர்ந்திலர். செல்லோ என்னும் நரம்பு வாத்தியத்திலும் தேர்ந்திருந்தமையால், இசையைக் கைக்கொள்வதா, விஞ்ஞானத்தைக் கைக்கொள்வதா என நெடுநாள் ஐயுற்றார்.

1940-இல் பாரிஸ் ஜெர்மானியர் வசமாயிற்று. அத்துன்பக் காலத்தே இவர் ஸோர்பான் சர்வகலாசாலையில், பாக்டீரியாக்களுக்கு இருவகைச் சர்க்கரைகளைக் கலந்தளித்து அவற்றின் வளர்ச்சியை அளந்து வந்தார். க்ளூகோஸும் லாக்டோஸும் சேர்ந்திருப்பின் அவை முதலில் க்ளூகோஸை உண்டு விரைந்து பெருகும். அது தீர்ந்ததும் வளர்ச்சி சற்றே நின்றுவிடும். பின்னர் லாக்டோஸை உண்டு மீண்டும் பெருகும். இடையே நின்றது ஏன்? லாக்டோஸைப் பிளக்கும் என்ஸைமை அவை அதுகாறும் போதிய அளவு ஆக்கவில்லை. ஆக்கிக்கொள்ளவே அவ்வவகாசம் வேண்டியிருந்தது. இவ்வழியில் மோனோவின் கருத்தைத் திருப்பியவர் ஆந்த்ரே லுவாஃப் என்னும் அறிஞர். 1941-இல் மோனோ டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் கலாசாலைப் பெரியோர் சிலர் அவ்வாராய்ச்சியைப் பொருட்படுத்தவில்லை.

பிடிபடின் உயிர் போகுமென்று அறிந்தும், இவர் மறைவாக நாட்டின் விடுதலைப் படையிற் பணிபுரிந்தார். போருக்குப் பின் பாஸ்டர் நிலையத்திற் சேர்ந்தார். 1950-இல், உணவை இடையறாது செலுத்திப் பாக்டீரியாவை வேண்டிய வேகத்தில் வளர்க்கும் முறையை விளக்கினார். 1961-இல் பிரான்ஸ்வா ஜாகோபுடன் சேர்ந்து, என்ஸைம் ஆக்கத்தை உயிரணுவினுள் ஒரு பொருள் தடுத்து நிற்பதையும், லாக்டோஸ் வந்துற்றால் அத்தடை நீங்குவதையும் வெளியிட்டார். லுவாஃப், ஜாகோப், மோனோ ஆகிய மூவரும் 1965-இல் நோபெல் பரிசு பெற்றனர். 1971-இல் பாஸ்டர் நிலையத்தின் தலைவரான மோனோ, 1976-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் கான் நகரில் காலமானார்.

பாக்டீரியாவைக் கொண்டு என்ஸைம் பெற விழைவோர் உணவை மிகுதியாக இட்டால் போதுமென்று எண்ணலாகாது. க்ளூகோஸ் மிகின் பாக்டீரியா பெருகும். விரும்பிய என்ஸைமோ குறையவும் கூடும். எவ்வுணவை, எப்பொழுது, எவ்வளவு அளிப்பது என்பதே இன்றும் தொழிற்சாலைகள் ஆராயும் வினா. வளர்ச்சிக் கோட்டில் தோன்றிய ஒரு சிறு தேக்கத்தை அற்பமென்று தள்ளாது நோக்கிய மோனோவின் பொறுமையை நாமும் போற்றுவோமாக.