அணையா அடுப்பு மூட்டிய அருளாளர்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா பிள்ளை, சின்னம்மையார் தம்பதியருக்கு ஐந்தாவது மகவாக 1823 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் அவதரித்தவர் இராமலிங்க அடிகள். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைச் சென்னையில் வளர்த்தவர் தமையனார் சபாபதி. பள்ளிப் பாடத்தில் பற்றின்றிக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியையே நாடிய அப்பிள்ளை, பின்னாளில் வள்ளலார் என உலகம் போற்றும் ஞானியாக உயர்ந்தார்.

1866 இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. பிறர் துயர் கண்டு இரங்குவதோடு அவர் அமையவில்லை. இரக்கத்தை அன்றாடக் கடமையாக்கினார். வடலூரில் மக்கள் மனமுவந்து அளித்த நிலத்தில் 1867 மே 23 இல் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். சாதி, சமயம் கேளாமல், பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு சோறிடும் சாலை அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. ஜோதி வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபை எழுந்தது 1872 இல்தான். அன்னம் முந்தியது, ஆலயம் பிந்தியது. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்துத் திருமாளிகையில் அறையுட் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார்.

பேராக் மாநிலத்து ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில், தோட்டப்புற மக்கள் வியர்வை சிந்தி எழுப்பிய கோயில்களிலும் திருவிழா நாளில் அன்னதானம் சிறக்கிறது. பந்தல் பிரித்த மறுநாளும் அண்டை வீட்டார் பசியறிந்து உதவுவதும், கடுஞ்சொல் தவிர்த்து நல்லதையே எண்ணுவதும் அடிகளுக்கு நாம் ஆற்றும் உண்மை வழிபாடாகும்.